தேடலில் கிடைக்காத தீர்ப்பு

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

போனில் பேசினால் எனக்கு வாய் குழறும். நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் நான் எங்கே விட்டேன் என்பதே மறந்துவிடும். அதனால் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவை நான்கு:

1. எனக்கு என்ன நடந்தது.
2. பயந்த சுபாவம் உள்ள ஒருவனிடம் இந்தத் தவறு நடக்க வழியில்லை என்பது.
3. என்னை மாட்டிவைத்த விதியை எழுதியவர்களில் நீயும் ஒருத்தி என்பது.
4. உன்னிடம் நான் கேட்கும் உதவி.

முதலாவது. என் கட்சிக்காரர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவர் பார்த்துவிட்டுப் போன லிஃப்ட் மறுநாள் அறுந்து விழுந்தது. உள்ளே இருந்த காவலாளிக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கம்பிக்கயிற்றை மாற்றச் சொல்லிப் பலமுறை எச்சரித்ததாகவும், கட்டட நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் இவர் சொல்கிறார். ஆனால் கைதானது இவர்தான். ஆஸ்துமாக்காரர். மூச்சு முட்டுகிற நேரத்தில் மருந்து கைக்கு வருவதில்லை. போன வாரம் சிறைக்குள் சுருண்டு விழுந்திருக்கிறார்.

ஜாமீன் மனுவை இணையத்தில் தாக்கல் செய்தேன். சாயங்காலம் திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. ‘மேற்கோள் காட்டிய தீர்ப்பு எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. மனு நிறுத்தி வைக்கப்படுகிறது.’ அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ‘அப்படி ஒரு தீர்ப்பு இல்லை என ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினால் அந்தப் பத்தி நீங்கி மனு உடனே விசாரணைப் பட்டியலுக்குப் போகும். என் பெயர் நீ உறுப்பினராக இருக்கும் வக்கீல்கள் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். ‘நிரூபிக்க அவகாசம் வேண்டும்’ என்பதை அழுத்தினால் நிரூபிக்கும்வரை மனு தூங்கும். இரண்டில் ஒன்றை நான் அழுத்தாதவரை வேறு வக்கீலும் அவருக்காக மனுப் போட முடியாது.

இரண்டாவது. மனு எழுதித் தரும் மென்பொருள் எதையும் நான் தொட்டதில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறவன் நான். மென்பொருள் கற்பனை செய்யும் தீர்ப்புகளைத் தடுக்க இந்த விதி வந்த அன்று நீயே சொன்னாய்: “உங்கள மாதிரி பயந்தவங்களுக்கு இதுல ஒண்ணும் ஆகாதுண்ணா. துணிஞ்சவன்தான் மாட்டுவான்.” அது எனக்குப் பாராட்டாகப் படவில்லை. போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு நாம் பேசவில்லை. இன்று அந்த வாக்கியத்தைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

அது சட்டத் தொகுப்புகளில் அச்சேறாத தீர்ப்பு. நாம் ஜூனியர்களாக இருந்தபோது அச்சேறாத தீர்ப்புகள் தட்டச்சு நகல்களாகத்தான் வக்கீல்களிடையே உலவும், நினைவிருக்கும். நம் சீனியரின் அறையில் இருந்த நகல் கட்டுக்குள் இதுவும் ஒன்று. இதற்கு முன் இரண்டு வழக்குகளில் காட்டியிருக்கிறேன். இரண்டு நீதிபதிகளும் படித்துத் தலையாட்டி ஜாமீன் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததிலிருந்து என் மூளையின் மேலேயே எனக்குச் சந்தேகம். நகலை எடுத்துப் படிக்கிறேன், எழுத்துகள் இருக்கின்றன. மூடி வைத்ததும் இருந்தனவா என்று தோன்றுகிறது.

மூன்றாவதை விரிக்க மனமில்லை.

நான்காவது. தீர்ப்பு சொன்ன நீதிமன்றம் உன் ஊரில் இருக்கிறது. அங்கே ரெக்கார்டு ரூமில் மூலத்தைத் தேடி ஒரு சான்று நகல் வாங்கி அனுப்பு.

உன் அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. நான் அந்தக் குழுவின் உறுப்பினர். உறுப்பினர் ஒருத்தி தன் அண்ணனுக்காக ரெக்கார்டு ரூமில் போய் நின்றாள் என்று தெரிந்தால் நாளைக்கு உண்மையான தீர்ப்பையே கொண்டுவந்து வைத்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவதை விரிக்க மனமில்லை என்று நீங்கள் எழுதியதே விரித்த மாதிரிதான். சரி, நானும் விரிக்கிறேன். குழந்தையைப் பார்க்கும் உரிமை கேட்டு வழக்குப் போட்ட ஒரு பெண் எங்களிடம் வந்தாள். அவளுடைய வக்கீல் காட்டிய தீர்ப்புகளில் பாதி மென்பொருள் கற்பனை செய்தவை. எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்ததும் நீதிபதி அவள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அவள் எங்கள் முன்னால் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். “இல்லாத ஜட்ஜு சொன்னத நம்பி எனக்காக வாதாடினாரும்மா” என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குத்தான் அந்த விதிக்குக் கை தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் தூக்குவேன்.

உங்கள் ஞாபகசக்திக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எட்டாம் வகுப்பில் வாங்கிய கணக்கு மார்க்கைப் போன வருஷம்கூட வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்.

எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். அந்தப் பத்தியை அப்படியே, ஒரு சொல் மாறாமல் எழுதி அனுப்புங்கள். வழக்கு எண்ணையும் எழுதுங்கள். உதவி செய்வதற்கு இல்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தங்கை


மார்ச் 10

அன்புள்ள தங்கைக்கு,

உதவ மாட்டாய், பார்க்க மட்டும் வேண்டும் என்கிறாய். சரி.

விஷயம் கோர்ட் வளாகம் முழுக்கப் பரவிவிட்டது. என் அறையைப் பகிர்ந்துகொள்ளும் நோட்டரி தன் முத்திரையை ஊதித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “என்ன சார் இது? ஊர்ல எல்லாரும் மெஷின எழுத வச்சு மாட்டறான். நீங்க கையால எழுதி மாட்டிருக்கீங்க! இதுக்கு மெஷின்கிட்டயே குடுத்திருக்கலாமே, பழி போடவாவது ஒரு ஆள் கிடைச்சிருக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே சிரிப்புச் சத்தம் ஓய்கிற வரைக்கும் தண்ணீர் ஓடியது.

மெக்கானிக்கின் மனைவி தினமும் வருகிறாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை. வேலை முடிந்து நேராக வருவதால் உடம்பிலிருந்து சூடு அடிக்கும். எனக்கு எதிரே உட்கார மாட்டாள். கோப்பு அலமாரியில் சாய்ந்து நிற்பாள்.

“சார், எதனால நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. ஆஸ்பத்திரிப் பேப்பர் பத்தலையா?”

“இல்லம்மா. ஒரு பழைய தீர்ப்பச் சரிபாக்கணுமாம்.”

“எங்க வீட்டுக்காரர் சம்பந்தப்பட்டதா?”

“அவரு சம்பந்தப்பட்டது இல்ல.”

“அப்ப யாரு சம்பந்தப்பட்டது?”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவள் அலமாரியிலிருந்து நிமிர்ந்து, “நேத்துப் பாக்கப் போனேன் சார். பேசறப்ப ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்தி இழுக்கறாரு. சட்டுனு ஏதாச்சும் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தினால் அவள் கணவர் வெளியே வரலாம். நான் தீர்ப்பைப் புனைந்தவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவேன். செய்யாததை எப்படி ஒப்புக்கொள்வது? ஒப்புக்கொள்ளாமல் இருந்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நீ கேட்ட பத்தி:

‘விசாரணைக் காலத்தில் ஒருவரைச் சிறையில் வைப்பது விசாரணையின் தேவைக்காக, விசாரிப்பவரின் வசதிக்காக அல்ல. அந்தத் தேவை என்னவென்று சொல்ல முடியாத தரப்பு, காத்திரு என்று சொல்லும் தகுதியையும் இழக்கிறது. ஜன்னல் இல்லாத அறையில் ஒரு பகல் என்பது பகல் அல்ல.’

வழக்கு எண் 218. கடைசி வாக்கியம் நீதிபதிகள் எழுதுகிற மாதிரி இல்லை என்று முன்பு ஒருமுறை நினைத்ததுண்டு. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம் அதுதான்.

உன் அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அந்தத் தீர்ப்பு இல்லை. மெஷின் சொன்னது சரி. அதை எழுதியது நான்.

உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாசம் படுத்திருந்தீர்களே, அப்போது சீனியர் எனக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். “வக்கீலுக்கு மனு எழுதத் தெரிஞ்சா போதாது. ஜட்ஜு எப்படி யோசிப்பாருன்னு தெரியணும். நீயே ஜட்ஜா ஒக்காந்து ஒரு ஜாமீன் தீர்ப்பு எழுதிட்டு வா.” எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுப் பல்லால் மீசையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டச்சரைக் கூப்பிட்டு நிஜத் தீர்ப்பு மாதிரியே தலைப்பு, அமர்வு, தேதி எல்லாம் வைத்து அடிக்கச் சொன்னார். வழக்கு எண் என்ன போடட்டும் என்று தட்டச்சர் கேட்டபோது எனக்கு வேறு எண் எதுவும் தோன்றவில்லை. சட்டக் கல்லூரியில் என் வரிசை எண்ணைச் சொன்னேன். 218.

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. சீனியர் என்னைப் பாராட்டியது அது ஒரு தடவைதான். அப்புறம் நகல் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அவர் அதை அந்த நகல் கட்டுக்குள்ளேயே செருகியிருக்கிறார் போல. நீங்கள் குணமாகி வந்து கட்டைப் புரட்டியிருக்கிறீர்கள். நான் அடுத்த மாசமே இந்த ஊருக்கு வந்துவிட்டேன். நாம் ஒரே வழக்கில் சேர்ந்து நின்றதே இல்லை. தெரிய வழியே இல்லாமல் போய்விட்டது.

ஜன்னல் வாக்கியத்தைப் பார்த்ததுமே அது என்னுடையது என்று தெரிந்துவிட்டது. சீனியரின் அறையில் என் மேசை இருந்த பக்கம் ஜன்னல் கிடையாது, நினைவிருக்கிறதா?

இல்லாத தீர்ப்புகளைத் தடுக்க விதி எழுதிய குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த விதியில் மாட்டிய இல்லாத தீர்ப்பு என் கையெழுத்தில் தொடங்கியது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் நீங்களே புனைந்ததாகப் பதிவாகும்; அந்தப் படிவத்தில் வேறு விளக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. வைக்க வேண்டாம் என்று வாதாடியவளும் நானேதான். ‘அவகாசம்’ கேளுங்கள். நடந்ததை உறுதிமொழிப் பத்திரமாக எழுதிக் குழுவிடம் கொடுக்கிறேன். சில வாரம் ஆகும். ஆனால் உங்கள் பெயர் தப்பும்.

தங்கை


மார்ச் 17

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மூளை கலங்கவில்லை என்ற நிம்மதி. அது ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது.

அதன் பிறகு முன்பு அந்தத் தீர்ப்பைக் காட்டி நான் வெளியே கொண்டுவந்த இருவரும் நினைப்பில் என்னோடு அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர், இன்னொருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அவர்கள் வெளியே வந்தது எதனால்? நீ ஜன்னல் இல்லாத மேசையில் உட்கார்ந்து எழுதிய பயிற்சியாலா? யாராவது அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்கள் ஜாமீன் செல்லாது’ என்று சொல்வார்களா? தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அவர்களுக்காக எனக்குப் பகீர் என்கிறது.

சில வாரம் என்று எழுதியிருக்கிறாய். நேற்று அந்தப் பெண் வந்தபோது இஸ்திரிச் சூட்டோடு வரவில்லை. வேலைக்கே போகவில்லையாம். சிறை மருத்துவமனையில் அவருக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். “அங்க ஒரு நர்சு சொன்னாங்க சார், வெளிய இருந்தா இது இவ்ளோ தூரம் வந்திருக்காதுன்னு” என்றாள். அப்புறம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கண்ணாடியைத் துடைத்திருப்பேன். அவள் கேட்காமல் நின்றதால் துடைக்க முடியவில்லை.

கணினியைத் திறந்தேன். ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தினேன்.

ஒருமுறை அழுத்தினால் போதாது என்று உனக்குத் தெரியும். ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. விரல் பின்வாங்கியது. நோட்டரி தன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, “சார், சார், என்ன பண்றீங்க, அது அந்தப் பொத்தான் இல்ல!” என்று கத்தினார். “இதுதான்” என்றேன். இரண்டாம் முறையும் அழுத்தினேன். பிறகு எழுந்து நிற்க முயன்றேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பெண்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு நான் செய்தது என்னவென்று புரியவில்லை. “நின்னுட்டு இருந்தது நகந்துருச்சா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை நாளைக்கு. அந்தப் பத்தி இல்லாத மனுவைப் படித்துப் பார்த்தேன். பல் விழுந்த வாய் போல் இருக்கிறது.

நீ சொன்னதைக் கேட்காததற்கு மன்னித்துக்கொள்.

உன் அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை.

உங்கள் பழைய கட்சிக்காரர்களைப் பற்றிப் பயப்படாதீர்கள். வழக்கு எண்களை வைத்துத் தேடினேன். ஒருவர் விடுதலை, இன்னொருவர் மேல் போட்ட வழக்கையே போலீஸ் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டும் எப்போதோ முடிந்த வழக்குகள். முடிந்த வழக்கின் ஜாமீனை எந்த நீதிமன்றமும் தோண்டாது. யாரும் யார் கதவையும் தட்ட மாட்டார்கள்.

குழுத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். “இது வெளிய போனா விதியே சிரிப்பாப் போயிடும்மா. உங்க அண்ணனும் ஒத்துக்கிட்டாரே, அதோட விட்டுடலாமே. வயசானவர், என்ன பெரிய தண்டனை வரப்போகுது?” என்றார். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன் அண்ணா. ஒளிக்காமல் எழுதுகிறேன், யோசித்தேன். பேப்பரில் என் போட்டோவோடு வரும் தலைப்பு கண் முன்னால் ஓடியது. பிறகு குழுவிலிருந்து விலகும் கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன். வைத்த கையை எடுக்கச் சிரமமாக இருந்தது. நீங்கள் முழங்காலைப் பற்றி எழுதியது அப்போது ஞாபகம் வந்தது. நம் வீட்டு ரத்தத்தில் ஏதோ இருக்கிறது போல.

படிவத்தை மாற்றச் சொல்லியும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய தட்டச்சு நகலை நம்பி ஏமாந்தவருக்கும், வேண்டுமென்றே புனைந்தவருக்கும் ஒரே பொத்தான் இருக்கக் கூடாது. விதி வேண்டும், பொத்தான் தப்பு.

குழு உங்கள்மேல் நடத்தப்போகும் விசாரணைக்கான என் உறுதிமொழிப் பத்திரத்தின் வரைவை இணைத்திருக்கிறேன். முக்கியமான வரி இது: ‘என் அண்ணன் பயந்த சுபாவம் உள்ளவர், தொழிலில் சேர்ந்த நாள் முதல் சரிபார்க்காமல் எதையும் தாக்கல் செய்ததில்லை, இந்த நகலைச் சந்தேகிக்க அவருக்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை.’ உங்கள் முதல் கடிதத்தின் இரண்டாவது விஷயத்தைத்தான் சட்ட மொழியில் எழுதியிருக்கிறேன். குழுவில் இருந்த எனக்குத் தெரியும், இந்த ஒரு வரி இருந்தால் உரிமத்தைத் தொட மாட்டார்கள். எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்புங்கள்.

மெக்கானிக்குக்கு என்ன ஆனது? எழுத மறந்துவிடாதீர்கள்.

தங்கை


மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

மெக்கானிக் வெளியே வந்துவிட்டார். இப்போது பொது மருத்துவமனையில் இருக்கிறார். ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள்.

விசாரணை சின்னதாகத்தான் நடந்தது. நீதிபதி வயதில் சிறியவர். திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஒரு பத்தி நீக்கியிருக்கீங்க. அது இல்லாம சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?” என்றார். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். கையில் பிடித்துக்கொள்ள ஒரு தீர்ப்பும் இல்லாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை. “இவரை உள்ள வச்சு இனி என்ன விசாரிக்கணும்னு அரசுத் தரப்பு சொல்லட்டும் ஐயா” என்றேன். அவ்வளவுதான் வந்தது. அரசு வக்கீல் கோப்பைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு மயக்கம் வரும் போலிருந்தது. நோட்டரி வாசலில் பிடித்துக்கொண்டார். “இவ்ளோ பயத்த வச்சுக்கிட்டு எப்படி சார் இத்தன வருஷம் இந்தத் தொழில்ல ஓட்டினீங்க?” என்று கேட்டார். இந்த முறை கேலி இல்லை.

குழு எனக்கு அழைப்பு அனுப்பிவிட்டது. உறை மேசை மேல் இருக்கிறது. பிரித்துவிட்டேன், பயப்படாதே. தேதி அடுத்த மாதம். அதுவரை புது வழக்கு எதுவும் எடுக்கக் கூடாதாம். காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ விலகியது எனக்குத் தாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

உன் வரைவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். தேதிகள் சரி. சீனியர் கொடுத்த பயிற்சி, தட்டச்சர், கல்லூரி எண், எல்லாம் நடந்தபடி இருக்கின்றன. ஆனால் நீ முக்கியம் என்று சொன்ன அந்த வரியை எடுத்துவிடு.

ஏன் என்று சொல்கிறேன். அந்தத் தீர்ப்பை முதல் தடவை காட்டப் போகிறபோது சான்று நகல் வாங்க ரயிலேறி உன் ஊருக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. ரெக்கார்டு ரூமின் கதவு வரை போனேன். உள்ளே விண்ணப்பம் வாங்கும் குமாஸ்தா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பயந்து திரும்பிவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையே நம்பியும் விட்டேன். அவருக்கு நான் பயப்படவில்லை. அந்த ஜன்னல் வாக்கியம் உறுத்திக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று அவர் சொல்லிவிட்டால், மறுநாள் அச்சகத்துக்காரருக்காகப் பேச என்னிடம் வேறு எதுவும் இருக்காது. அதற்குப் பயந்தேன். கேட்காதவரை அது இருந்தது.

குழு என்னை என்ன செய்யுமோ தெரியாது. அந்த வரி இல்லாமல் போனால் உரிமம் போகலாம் என்றும் தெரியும். ஆனாலும் எடுத்துவிடு. முதல் கடிதத்தில் பயந்தவனிடம் இந்தத் தவறு நடக்க வழியில்லை என்று எழுதினேனே, அந்த இரண்டாவது விஷயம் தவறு.

உன் அண்ணன்